மேலப்பொத்தை விலைக்கு வருகிறது

தாராவி, மும்பை-17
4.1.2025

மரியாதைக்குரிய மதினிக்கு, வேல்ராஜ் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் பிரேமலதாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முட்டுவலி, மாடுகள், மலைப்பனி எல்லாம் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள். மேலப்பொத்தைக்கு இன்னும் டவர் வந்தபாடில்லை. தபாலும் கொண்டுவரும் பால் ஜீப்பை நம்பித்தான் இந்தக் கடிதத்தைப் போடுகிறேன்.

ஒரு விஷயம். நான் தோல் பை தைத்துக் கொடுக்கும் கம்பெனியின் முதலாளி ஜஹாங்கீர் சேட், தாதரில் இருப்பவர். மலையில் காட்டை ஒட்டி ஆள் அரவமே இல்லாத இடம் ஒன்று தேடுகிறார். நம் மாட்டுப்பண்ணையைப் பற்றிச் சொன்னேன். எழுதிக் கொடு என்றார். இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்:

‘மேற்குத் தொடர்ச்சி மலையில், ரிசர்வ் காட்டின் எல்லையில், பன்னிரண்டு ஏக்கர் தனிப்பட்டா நிலம். வற்றாத ஓடை. பெரிய மாட்டுக் கொட்டகை, ஓட்டு வீடு. அக்கம்பக்கத்தில் வீடே கிடையாது. மயிலும் மிளா மானும் வாசலுக்கு வரும். பூரண அமைதி.’

பட்டா அண்ணன் பெயரில் இருப்பதுதான் சிக்கல். அண்ணன் காணாமல் போய், போன ஐப்பசியோடு ஏழு வருடம் முடிந்துவிட்டது. ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லையென்றால், இறந்ததாக கோர்ட்டில் உத்தரவு வாங்கலாமாம். பிறகு நிலம் உங்கள் பெயருக்கு வந்துவிடும். இதை எழுதக் கை கூசுகிறது மதினி. ஆனால் அந்தக் காட்டில் நீங்கள் ஒற்றையாக இன்னும் எத்தனை நாள் இருப்பீர்கள்? விற்றுவிட்டுக் கடையத்தில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு ஒன்பது மாட்டுக்கும் தோலில் கழுத்துப் பட்டை செய்து பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் மாட்டின் பெயர் எழுதியிருக்கிறது. பார்த்துக் கட்டுங்கள்.

தங்கள் கொழுந்தன்
வேல்ராஜ்

மேலப்பொத்தை
24.1.2025

அன்புள்ள தம்பி வேல்ராஜுக்கு, சொர்ணம்மாள் எழுதுவது.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். என் முட்டுவலி என்னை விட்டு எங்கும் போவதாக இல்லை. அதுவாவது கூட இருக்கிறதே என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் விளம்பரத்தை மூன்று முறை படித்தேன். எனக்கே இந்த இடத்தை வாங்கிப் போடலாமா என்று தோன்றிவிட்டது. மயில் வருவதை எழுதியவன் அது தக்காளி நாற்றைத் தின்பதை ஏன் எழுதவில்லை? பூரண அமைதிக்குக் காசு கொடுக்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதும் ஆச்சரியந்தான். நான் ஏழு வருடமாக அதைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணன் இறந்ததாக நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும். ஒரு மாட்டைக் காணவில்லை, பார்த்துட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு அரிவாளோடு காட்டுக்குள் போனார். மாடு சாயந்திரமே தானாகத் திரும்பி வந்து கொட்டகையில் நின்றது. அவர்தான் வரவில்லை. நாற்பது பேர் பன்னிரண்டு நாள் தேடினார்கள். நீயும் பம்பாயிலிருந்து ஓடிவந்து தேடினாய். ஓடைக்கரையில் துண்டு கிடைத்ததே தவிர ஒரு எலும்புகூடக் கிடைக்கவில்லை. எதை வைத்து நான் தாலியைக் கழற்றுவேன்? நான் கழற்றிய மறுநாள் அவர் வந்து வாசலில் நின்றால் எந்த முகத்தோடு கதவைத் திறப்பேன்?

கழுத்துப் பட்டை வந்து சேர்ந்தது. நல்ல தோல், நல்ல தையல். மாட்டுப் பொங்கலன்று கட்டினேன். பழைய மாடுகள் ஐந்துக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. கருப்பாயிக்கு வலது கழுத்தில் பழைய புண்தழும்பு இருப்பதால் எப்போதும் இடது பக்கம்தான் முடிச்சுப் போடுவோம். அவள் பட்டையில் மட்டும் பக்கிள் இடது பக்கம் வைத்திருந்தது. ஆனால் இந்த ஏழு வருடத்துக்குள் பிறந்த நான்கு மாட்டுக்கும் பட்டை சேரவே இல்லை. ஒன்று தொளதொள என்கிறது, ஒன்று கழுத்தை இறுக்குகிறது. உனக்கு மாட்டின் பெயர்தானே எழுதினேன், அளவு எழுதினதாக ஞாபகம் இல்லையே. யார் சொன்னது?

பிரேமலதாவைக் கேட்டதாகச் சொல்.

சொர்ணம்மாள்

தாராவி
19.2.2025

மதினிக்கு வணக்கம்.

உடனே பதில் எழுத முடியவில்லை. தாராவியை இடித்துக் கட்டுவதற்காக எங்கள் சந்தில் வீடு வீடாக சர்வே எடுக்கிறார்கள். கீழே இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு, என்னைப் போல மாடியில் இருப்பவர்களுக்கு வேறு கணக்காம். பட்டறையை மூடிவிட்டு, கையில் காகிதங்களை வைத்துக்கொண்டு சர்வேக்காரர்களுக்காக உட்கார்ந்திருக்கிறோம்.

பட்டை விஷயம் ஒன்றும் பெரிதில்லை. அண்ணனைத் தேட வந்தபோது மாடுகளைப் பார்த்தேன் அல்லவா, அந்த ஞாபகத்தில் குத்துமதிப்பாக வெட்டினேன். சேராத நான்கையும் திருப்பி அனுப்புங்கள், சரி செய்து தருகிறேன்.

மதினி, நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அண்ணன் இனி வரமாட்டார். வருகிற மனிதராக இருந்தால் ஏழு வருடத்தில் ஒரு நாள் வந்திருப்பார். நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜஹாங்கீர் சேட் ஆடி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேல்ராஜ்

மேலப்பொத்தை
16.3.2025

தம்பி வேல்ராஜுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இப்போது கொஞ்சம் தேவலை. அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

மாசி முதல் வாரத்தில் சிறுத்தை வந்து கன்றுக்குட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு போயிற்று. விடியக்காலையில் அதன் தடத்தைப் பார்க்கப் போனவள் ஓடைப்பாறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பை அசைக்க முடியவில்லை. அன்று முழுதும் அங்கேயே கிடந்தேன். கொட்டகையில் மடி கனத்துப்போய் மாடுகள் கத்தியது கேட்டுக்கொண்டே இருந்தது. நீ எழுதிய பூரண அமைதி அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. மறுநாள் ரோந்து வந்த வனக்காவலர் கரீம் பாட்சாதான் தூக்கிக்கொண்டு போய் வைத்தியம் பார்க்க வைத்தார். “இனி இங்க இருக்காதீங்கம்மா, அடுத்த தடவ நான் ரெண்டு நாள் கழிச்சு வந்தா என்ன செய்வீங்க” என்றார்.

பாறையில் கிடந்தபோதே முடிவு செய்துவிட்டேன். விற்றுவிடலாம். உன் அண்ணன் இறந்ததாகச் சொல்வதற்கும் சம்மதம்.

அம்பாசமுத்திரத்தில் வக்கீல் சுந்தரராமனைப் பார்த்தேன். வழக்குப் போட்டாயிற்று. நான் சாட்சி சொன்னால் மட்டும் போதாது, கூடப்பிறந்தவர் ஒருவர் வந்து இந்த ஏழு வருடமாக அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்று சத்தியம் செய்து சொன்னால் பலம் என்கிறார். உன் அண்ணனுக்குக் கூடப்பிறந்தவன் நீ ஒருத்தன்தானே. வைகாசியில் விசாரணை. வந்து கூண்டில் ஏறி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போ. உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துப் போடுகிறேன்.

பட்டையைத் திருப்பி அனுப்பவில்லை. நீ வந்தபோது மாட்டுக்குப் பயந்து கொட்டகைப் பக்கமே வராமல் இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சொர்ணம்மாள்

தாராவி
20.5.2025

மதினிக்கு வணக்கம். இடுப்பு வலி இப்போது எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதம் கிடைத்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. தினமும் எழுத நினைத்துத் தள்ளிப்போய்விட்டது. விசாரணைக்கு என்னால் வர முடியாது. சர்வே இன்னும் முடியவில்லை. ரயிலில் டிக்கெட் இல்லை. பட்டறையில் ஆர்டர் நிற்கிறது. பிரேமலதாவுக்கும் உடம்பு சரியில்லை. வேறு யாரையாவது வைத்துச் சாட்சி சொல்ல முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

மன்னிக்க வேண்டும்.

வேல்ராஜ்

மேலப்பொத்தை
1.6.2025

தம்பி,

பிரேமலதா உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல்.

வர முடியாததற்கு நான்கு காரணம் எழுதியிருக்கிறாய். உண்மையான காரணம் ஒன்று இருந்தால் அது போதுமே. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள்.

கரீம் பாட்சா சாட்சி சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டுவிட்டார். தேடுதலுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். அதனால் அவர் சொல் போதும் என்கிறார் வக்கீல்.

கோர்ட் ஒரு பக்கம் இருக்கட்டும். சாங்கியம் செய்யாமல் நான் தாலியை எடுக்க முடியாது. உடம்பு கிடைக்காதவர்களுக்கு நம் பக்கத்தில் செய்கிற மாதிரி, வைக்கோலில் உருவம் கட்டி, அவர் வேட்டி சட்டையைப் போட்டு எரிக்கப் போகிறேன். ஆடி அமாவாசைக்கு முதல் நாள் என்று குறித்திருக்கிறது.

நீ வர வேண்டாம். ஆனால் என்னிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அதற்கு முன்னால் சொல்லிவிடு. ஜீப் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. ஒரு வரி எழுதினாலும் போதும், நான் அந்த வைக்கோலைக் கொளுத்தமாட்டேன். அதற்குப் பிறகு எழுதினால் பிரயோஜனம் இல்லை.

சொர்ணம்மாள்

தாராவி
10.7.2025

மதினிக்கு,

மழை பலமாக இருக்கிறது. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். மற்றபடி சுகம்.

சாங்கியத்தை நீங்கள் நினைத்தபடியே செய்யுங்கள். அண்ணனும் அதைத்தான் விரும்பியிருப்பார். அதற்குப் பிறகு நீங்கள் வெள்ளை கட்ட வேண்டாம். இந்தக் காலத்தில் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

வேறு ஒன்றும் இல்லை.

வேல்ராஜ்

மேலப்பொத்தை
21.9.2025

வேல்ராஜ், உள்ளே இருக்கும் கடிதம் உனக்கு இல்லை. உரியவரிடம் கொடு.

என் வீட்டுக்காரருக்கு,

உங்களுக்குக் கடிதம் எழுதினால் சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்கிறேன். சுகமாக இருக்கிறீர்களா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

மாட்டுப் பொங்கலன்று கருப்பாயி கழுத்தில் பட்டையைக் கட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கிள் இடது பக்கம் இருந்தது. என்னையும் உங்களையும் தவிர அந்த விஷயம் யாருக்குத் தெரியும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் உங்கள் தம்பி. அதை இலையில் எடுத்து வைத்தது நீங்கள். முதலில் சந்தோஷப்பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கருப்பாயியைக் கட்டிக்கொண்டு அழுதேன். மனிதர் உயிரோடு இருக்கிறார், புலி தின்னவில்லை, பள்ளத்தில் விழவில்லை. அந்தச் சந்தோஷம் நான்கு நாள் இருந்தது. அதற்குப் பிறகு, உயிரோடு இருக்கிற மனிதர் ஏன் வரவில்லை என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள், இதை விற்றுவிட்டுக் கீழே போவோம் என்று. மூன்று தடவையும் என் உயிர் இருக்கும்வரை நடக்காது என்று சொன்னவள் நான். கடைசித் தடவை மாடுகளைப் பார்த்துக்கொண்டே, “ஒனக்கு நான் வேண்டாம், இதுக போதும்” என்றீர்கள். நான் பால் கறக்கப் போய்விட்டேன். என் பிடிவாதத்தை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோபித்துக்கொண்டு போனவர் கோபித்துக்கொண்டுதான் போயிருக்க வேண்டும். செத்த மாதிரி போயிருக்கக் கூடாது. நான் ஏழு வருடம் மழைக்காலத்தில் ஓடை பெருகும்போதெல்லாம் உங்கள் எலும்பு ஏதாவது அடித்துக்கொண்டு வருகிறதா என்று கரையில் நின்று பார்த்திருக்கிறேன்.

நான் உங்களுக்கு வேண்டிய அவகாசம் கொடுத்தேன். கோர்ட் நோட்டீஸை இங்கே பேப்பரில் போட்டால் போதும் என்றார் வக்கீல். நான்தான் பம்பாய்த் தமிழ்ப் பேப்பரிலும் போடச் சொன்னேன். உங்கள் படத்தோடு வந்தது. ஆடி அமாவாசைக்கு முதல் நாள் மத்தியானம் வரைக்கும் ஜீப் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது. பால் கேன் மட்டும் இறங்கிற்று.

உங்கள் நீலச் சட்டையைத்தான் போட்டேன். வைக்கோல் ஈரமாக இருந்ததால் சட்டை எரிய நேரமாயிற்று. தாலியை நானே கழற்றினேன். கழற்றிவிடுவதற்கு யாரும் இல்லை.

வைகாசி விசாரணை தள்ளிப்போய் ஆவணியில் கூண்டில் ஏற்றினார்கள். இந்த ஏழு வருடத்தில் உங்கள் கணவரிடமிருந்து ஏதாவது தகவல் வந்ததா என்று நீதிபதி கேட்டார். ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றேன். அவர் உயிரோடு இருப்பதாக யாராவது உங்களிடம் சொன்னார்களா என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். இரண்டும் பொய்யில்லை. நீங்கள் அதைப் பொய்யாக்கியிருக்கலாம்.

உத்தரவு வந்துவிட்டது. ஜஹாங்கீர் சேட்டுக்கு அடுத்த மாதம் பத்திரம் எழுதிக் கொடுக்கிறேன். மாடுகளையும் அவரே வைத்துக்கொள்கிறார். நான் கடையத்துக்குப் போகிறேன். இனி என்னைத் தேடிக்கொண்டு மேலப்பொத்தைக்கு வர வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொர்ணம்

தாராவி
4.11.2025

மதினி காலில் விழுந்து எழுதுகிறேன்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. அண்ணன் போன மாதம் இருபத்தொன்பதாம் தேதி காலையில் இறந்துவிட்டார். நுரையீரலில் நீர். ஆறு மாதமாகவே படுக்கைதான். பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். நான் காட்டில் அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மலையைத் தாண்டிக் கேரளாவில் இறங்கி ரயில் ஏறியிருக்கிறார். மேலப்பொத்தைக்குப் போன் எடுக்காததால் பிரேமலதாவால் எனக்குச் சொல்ல முடியவில்லை. நான் திரும்பி வந்தபோது வாசலில் உட்கார்ந்திருந்தார். நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போகிற எண்ணத்தில்தான் வந்திருக்கிறார். போலீஸ், நாற்பது ஆள், பேப்பரில் படம் என்று நான் சொன்னதும் முகம் செத்துப்போயிற்று. “இப்பப் போயி என்னன்னு சொல்லுவேன்?” என்றார். அடுத்த மாதம் போகலாம் என்றார். அடுத்த வருடம் என்றார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தாராவியில் பாதிப் பேர் நம் பக்கத்து ஆட்கள் என்பதால் செம்பூரில் ஒரு குடோனில் செல்லத்துரை என்ற பெயரில் காவலுக்கு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்து தோல் வெட்டிக் கொடுப்பார். அந்த ஒன்பது பட்டையையும் அவர்தான் செய்தார். புதிய மாடுகளின் பெயரை உங்கள் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

விற்கச் சொன்னது நான் இல்லை, அண்ணன்தான். நுரையீரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, “நான் செத்ததா எழுதிக்கிட்டு அவ கீழ எறங்கட்டும், அங்க ஒத்தையில கெடக்கா” என்று சொன்னார். நானும் அதுதான் நல்லது என்று நினைத்தேன். ஆனால் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை.

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில் நான்தான் படித்துக் காட்டினேன். பதில் எழுதிக்கொள் என்றார். “சொர்ணத்துக்கு” என்று சொல்லுவார், அதோடு நின்றுவிடும். மூன்று நாள் முயன்றார், மூன்று நாளும் அப்படித்தான் ஆயிற்று. அந்தக் காகிதத்தில் அந்த ஒரு சொல் மட்டும் இருக்கிறது. வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

சுடுகாட்டில் பெயர் கேட்டார்கள். அண்ணன் பெயரில் ஏற்கெனவே ஒரு சாவு இருக்கிறதே. செல்லத்துரை என்றே எழுதிக் கொடுத்தேன். உறவு என்ன என்றார்கள். தெரிந்தவர் என்று சொன்னேன். என் அண்ணனை நான் தெரிந்தவர் என்று சொல்லிவிட்டேன் மதினி.

பதினாறாம் நாள் காரியத்தை எங்கே, யார் பெயரில் செய்வது? நீங்கள் சொன்னால்தான் உண்டு.

வேல்ராஜ்

கடையம்
9.11.2025

தம்பி வேல்ராஜுக்கு,

நீயும் பிரேமலதாவும் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அழுது முடித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

காரியம் ஒன்றும் வேண்டாம். ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் செய்ய முடியும். நான் செய்துவிட்டேன். உன் பங்குக்கு யாராவது பசித்த மனிதருக்கு ஒரு வேளைச் சோறு போடு. அந்தக் காகிதத்தை அனுப்ப வேண்டாம். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

உன் மேல் கோபம் இருக்கிறது. போகாது. ஆனாலும் கடைசி வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவன் நீதான். அதை மறக்கமாட்டேன்.

உன் கடிதத்தை வாசலில் நின்று படித்தேன். ஏழு வருடம் அழுதாயிற்று, வைக்கோலை எரித்தபோதும் அழுதாயிற்று, இனிமேல் என்ன மிச்சம் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். தம்பி, அப்படி ஒரு அழுகை எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டு விஜயலக்ஷ்மி அடுப்பில் வைத்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, “என்னக்கா, யாருக்கு என்ன?” என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்று நான் எப்படிச் சொல்வேன்? அவர் ஏழு வருடத்துக்கு முன்னால் செத்தவர் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும்.

மலையில் விட்டுவந்த மாடு ஒன்று செத்துப்போனதாகக் கடிதம் வந்திருக்கிறது என்றேன்.

அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்து, “ஒரு மாட்டுக்குப் போயா இப்படி அழுதிய, போட்டும்க்கா” என்றாள். பிறகு காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். குடித்தேன்.

சொர்ணம்மாள்